சிக்ஸ் ஜியும் ஒரு துளசித் தொட்டியும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் தேக ஆரோக்கியத்தை உத்தேசித்து நடப்பதையும், ஆத்ம க்ஷேமத்தை உத்தேசித்து உபந்நியாசம் கேட்பதையும், இவ்விரண்டுக்கும் பொறுமை இல்லாதவர்கள் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவதையும் நம்முடைய சமூகம் சம்பிரதாயமாக அங்கீகரித்திருக்கிறதே ஒழிய, அவர்களில் ஒருவன் சாயங்கால வேளையில் தோல் கையுறை மாட்டிக்கொண்டு இரும்பை உருக்கப் புறப்படுவதற்கு அதில் இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை. ஆனாலும் திருச்சிராப்பள்ளியில் குடியிருப்பவனுக்கு இந்த ஆசை உண்டாவதில் அதிசயம் ஒன்றுமில்லை. திருவெறும்பூரில் பாய்லர் செய்கிற பெரிய தொழிற்சாலை வந்து, அதைச் சுற்றிலும் பட்டறைகள் பெருகி, 1975-இல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டுவிட்டபடியால், பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரர் மழை, அரசியல் இரண்டையும் முடித்துக்கொண்டு மூன்றாவதாக எலக்ட்ரோடு விலைக்கு வந்துவிடுகிற ஊர் இது.

நான் சேர்ந்த மாலை வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். அவர்களுடைய லட்சியம் 'சிக்ஸ் ஜி' என்கிற பரீட்சை. நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் ஒரு குழாயை அசையாமல் நிறுத்திவிடுவார்கள். அதைத் திருப்பவும் கூடாது, இறக்கவும் கூடாது. பரீட்சைக்கு வந்தவன்தான் குனிந்தும் நிமிர்ந்தும் பக்கவாட்டில் வளைந்தும் அதைச் சுற்றிவந்து வெல்டு வைக்க வேண்டும். வைத்ததை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே ஒரு துவாரமோ, சிலாக் என்கிற கசடோ சிக்கியிருக்கவில்லை என்று தெரிந்தால், பையனுக்கு விசா கிடைத்த மாதிரிதான். இப்படிப்பட்ட சபையில், "சார், நீங்க சவுதியா, கத்தாரா?" என்று ஒரு பிள்ளை மரியாதையாக விசாரித்ததற்கு, சும்மா பொழுதுபோக்குக்காகத்தான் வந்தேன் என்று நான் சொன்னபோது, அவன் என் முகத்தைச் சற்று நேரம் அநுதாபத்துடன் பார்த்திருந்துவிட்டு, "பரவால்ல சார், மனசத் தளர விடாதீங்க. சிங்கப்பூர்ல வயசு பாக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க" என்றான். பணம் கொடுத்துத் தீப்பொறி வாங்கிக்கொள்ள ஒருவன் வருவான் என்பதை அவன் நம்ப மறுத்தது நியாயந்தான் என்று எனக்கு இப்பொழுதும் தோன்றுகிறது.

பொறிக்கு முன்னால் பாலியெஸ்டர் உதவாது. எரிவதற்குப் பதிலாக உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஆகையால் பருத்தி உடுப்புதான் வேண்டும் என்று விதி. என்னிடம் மிகுந்திருந்த கதர்ச் சட்டைகளுக்கு, காந்தியடிகள் எதிர்பார்த்திராத ஓர் உபயோகம் இவ்வாறு வாய்த்தது.

ஆசிரியர் என் மகனைவிட இளையவர். பதினோராம் நம்பர் கண்ணாடிக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டால், கையிலிருக்கும் எலக்ட்ரோடு ராடு இரும்பைத் தொடுகிற வரையில் பட்டப்பகலும் அமாவாசைதான். தொட்ட க்ஷணத்தில், ஏறத்தாழ 6,000 டிகிரி உஷ்ணமுள்ள, சூரியனுடைய மேற்பரப்புக்குச் சமதையான ஒரு ஜோதி கிளம்புகிறது. அதன் அடியில் உளுந்துப் பிரமாணமுள்ள ஓர் இரும்புக் குளம் பளபளத்துக்கொண்டு, ராடு போகும் திசையில் கூடவே நகருகிறது. ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே ராடுக் கம்பியின் கனம் அளவுக்கே இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், கூடினால் துப்பும். இதை எப்படி அளப்பது என்று கேட்டேன். "அளக்காதீங்க சார், கேளுங்க" என்றார் ஆசிரியர். காது கொடுத்துக் கேட்டால், சரியான இடைவெளியில் எண்ணெயில் அப்பளம் பொரிகிற சப்தம் இடைவிடாமல் வருகிறது. பிள்ளைகள் வெல்டு வைத்தால் மேலே படிந்த சிலாக், ஆறினவுடன் தானாகவே சுருண்டு பட்டையாகக் கழன்று விழும். என்னுடையதை நான் சிப்பிங் சுத்தியால் வெகுநேரம் மன்றாடிப் பெயர்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சிலாக்கைப் பெயர்த்த ஓர் இரும்புத் தகட்டை ஆசிரியர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அதில் ஓட்டைகள் தெரிந்தன.

"சர்வீஸ்ல என்ன வேலை பாத்தீங்க சார்?"

"கணக்குத் தணிக்கை."

"அதானே பார்த்தேன். ஒரே இடத்துல ரொம்ப நேரம் நிக்கிறீங்க."

வகுப்பின் முடிவில் ஏதாவது ஒரு சாமான் செய்து காட்ட வேண்டும் என்றபோது, துளசித் தொட்டிக்கு ஒரு ஸ்டாண்டு வேண்டுமென்று வீட்டில் உத்தரவாயிற்று. இதற்கு மெல்லிய சதுரக் குழாய் போதும் என்றுதான் ஆசிரியர் அபிப்பிராயப்பட்டார். தணிக்கைக்காரனுடைய சுபாவம் இடங்கொடாமையால், நான் ஐம்பதுக்கு ஐம்பது, ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கிளில் ஒரு முழு நீளமாக ஆறு மீட்டர் வாங்கினேன். அது மீட்டருக்கு நாலரைக் கிலோ. உருகின இரும்பு ஆறும்போது சுருங்கிச் சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதால், முதலில் மூலைகளில் 'டாக்' என்கிற சிறு பொட்டு வெல்டு மாத்திரம் அடித்து, மூலைவிட்டங்களை டேப்பால் அளந்து ஒப்பிட்டு, பிறகு எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி முழு வெல்டு வைக்கச் சொல்லித் தந்தார்கள், அவ்வாறே செய்தேன். நாலு காலும் தரையில் சமமாக உட்கார்ந்தன. சிங்கப்பூர்ப் பிள்ளை அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்துவிட்டு, தொட்டி எங்கே இருக்கிறது, பாலத்தின் கீழேயா என்று கேட்டான்.

ஆட்டோவிலிருந்து அதை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மனையாள் ஐந்து கிலோத் தொட்டியை அதன்மேல் எடுத்து வைத்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "தொட்டியையே காணோமே" என்றாள். வீட்டுக்காரர் வந்தார், ஒரு கையால் அசைத்துப் பார்த்தார், பிறகு இரண்டு கைகளாலும் அசைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த வருஷத்து வாடகைப் பத்திரத்தில், குடியிருப்பவர் காலி செய்யும் பட்சத்தில் மேற்படி இரும்புச் சாமானைத் தம் சொந்தச் செலவில் அப்புறப்படுத்திக் கொடுக்க வேண்டியது என்று ஒரு புதிய ஷரத்து சேர்ந்திருந்தது.