பட்டர்வொர்த் ரோடும் பட்டர் மரபும்: ஓர் ஆய்வு

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டர்வொர்த் ரோடு இருக்கிறது. அதன் பெயரை இதுவரை எவரும் முறைப்படி ஆராயாமல் விட்டது தமிழ்ப் புலமை உலகுக்கு நேர்ந்த இழுக்கு. அதைத் துடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அடிக்குறிப்புகள் கட்டுரையைவிட நீண்டுவிட்டபடியால் தனி நூலாக வரும்.

முதலில் களப்பணி. சத்திரத்தில் நின்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம், "அண்ணே, பட்டர்வொர்த்துங்கறது யாருண்ணே?" என்று வினவப்பட்டது. "எந்தக் கடை சார்? பேரச் சொல்லுங்க, வாசல்லயே எறக்கிடறேன்" என்றார். தகவலாளி எதையோ மறைக்கிறார் என்பது இதனால் பெறப்படும். களப்பணி இத்துடன் நிறைவுற்றது. பயணப்படி கோரப்பட்டுள்ளது.

அடுத்து ஒலியியல். விகாரம் மூன்று என்றார் நன்னூலார்: தோன்றல், திரிதல், கெடுதல். ஷேர் ஆட்டோவில் இம்மூன்றும் ஒரே மூச்சில் நடக்கின்றன. ரகரம் கெட்டு, ஒகரம் திரிந்து, கடைசியில் ஓர் உகரம் தோன்றி, "பட்டவர்த்து, பட்டவர்த்து, ஒரு ஆள்!" என்றாகிறது. அந்த 'ஒரு ஆள்' யார் என்பதே நம் ஆய்வுச் சிக்கல்.

பட்டர்வொர்த்தியலார் நான்கு பிரிவினர்.

லங்காஷயர் பிரிவினர் சொல்வது சலிப்பூட்டும் அளவுக்கு எளியது. இங்கிலாந்தில் லங்காஷயரின் ராச்டேல் வட்டாரத்தில் பட்டர்வொர்த் என்று ஓர் ஊர் இருந்தது, பழைய ஆங்கிலத்தில் முற்பகுதிக்கு வெண்ணெய் என்றும், பிற்பகுதிக்கு வேலியிட்ட அடைப்பு என்றும் பொருள், அந்த ஊர்க்காரர்கள் வெளியே போனபோது ஊர்ப்பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான் என்கிறார்கள். நம் லால்குடி ஜெயராமனுக்கு லால்குடி எப்படியோ, 1916இல் சோம் போர்க்களத்தில் மாண்ட இசையமைப்பாளர் ஜார்ஜுக்குப் பட்டர்வொர்த் அப்படி. மாடு அடைக்கும் இடத்தைப் பட்டி என்கிற வழக்கப்படி பெயர்த்தால் 'வெண்ணெய்ப்பட்டி' என்று வரும். மணப்பாறை பஸ்ஸில் அந்தப் பெயருக்கு டிக்கெட் கேட்டால் கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிழித்துக் கொடுப்பார். ஆனால் இத்தனை தெளிவான விளக்கத்தை வைத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு முந்நூறு பக்கம் எழுத முடியாது. ஆகவே இக்கொள்கை தள்ளப்படுகிறது.

மின்னணுப் பிரிவினர் துவாக்குடி என்.ஐ.டி. மாணவர்கள், 1930இல் ஸ்டீபன் பட்டர்வொர்த் வெளியிட்ட ஃபில்டர் கோட்பாட்டைத் தவிர வேறு பட்டர்வொர்த்தை இவர்கள் அறியார்.

பினாங்குப் பிரிவினர் சற்று வலுவானவர்கள். மதராஸ் படையிலிருந்து போய், 1843 முதல் 1855 வரை பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராக இருந்தவர் வில்லியம் ஜான் பட்டர்வொர்த். பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் நகரம் அவர் பெயரால் அமைந்தது. மனிதரின் பகட்டைப் பார்த்து அங்கிருந்த வெள்ளைக்காரர்களே அவருக்கு 'மகா வெண்ணெய்ச் சட்டி' என்று பொருள்படும் பட்டப்பெயர் சூட்டினார்கள். நம்மூரில் ஒருவரை 'வெண்ணெய்' என்று அழைத்தால் என்ன அர்த்தம் என்பது வாசகர் அறிந்ததே. மதராஸ் படைக்காரர் பட்டாளத்து ஊரான திருச்சிக்கு வந்திருக்கலாம். அடுத்த பத்தியில் இது 'வந்திருக்க வேண்டும்' என்றும், முடிவுரையில் 'வந்தார்' என்றும் ஆகும். ஆய்வு நெறி அது.

நான்காவது, இக்கட்டுரையாளர் நிறுவி, இக்கட்டுரையாளர் மட்டுமே உறுப்பினராக உள்ள பட்டர் பிரிவு. ஆங்கிலேயர் 'பட்டர்' என்பதை வெண்ணெய் என்று கொண்டது வரலாற்றுப் பிழை. காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கத்தில் பட்டர் என்றால் யார் என்று குழந்தையும் சொல்லும். கூரத்தாழ்வானின் குமாரர் பராசர பட்டர் விஷ்ணு சகஸ்ரநாமத்துக்கு உரை கண்டவர். ஆயிரம் பெயருக்குப் பொருள் சொன்ன மரபு, ஆயிரத்தோராவது பெயராக ஒரு ரோட்டுப் பெயரை விட்டுச் சென்றதில் வியப்பென்ன? (காண்க: மேலச்சிந்தாமணிப் பால்காரர், வாய்மொழி, விடியற்காலை.)

'வொர்த்' எங்கிருந்து வந்தது என்பர் பொறாமைக்காரர். கைசிக ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் கைசிக புராணம் வாசிக்கும் பட்டருக்குப் பிரம்மரத மரியாதை உண்டு. பட்டருக்குரிய அந்த மதிப்பே 'பட்டர் ஒர்த்'. இன்றும் இளைஞர்கள் நல்ல சினிமா பார்த்துவிட்டு "செம ஒர்த்து" என்பது இவ்வழக்கின் எச்சம். (காண்க: அம்மா மண்டபம் படித்துறை, மூன்றாம் படியில் ஈரத் துண்டோடு நின்ற பெரியவர், அவரை மறுத்து நான்காம் படிப் பெரியவர், இருவரையும் மறுத்து இக்கட்டுரையாளர், 'பட்டர்வொர்த்தியம்', அச்சேறாத மூன்றாம் தொகுதி, முன்னுரைக்கு முன்னுரை, எலி தின்றது போக எஞ்சிய பக்கம்.)

அப்படியானால் பினாங்குக் கவர்னரின் வெண்ணெய்ச் சட்டி? அது மன்னார்குடி வெண்ணெய்த்தாழி உற்சவத்தின் கடல் கடந்த சாயல். எல்லாம் எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். பொருந்தாதவை பிற்சேர்க்கையில் உள்ளன, பிற்சேர்க்கை அச்சிடப்படவில்லை.

இறுதிச் சான்று நெல்லூரிலிருந்து. 1905இல் நெல்லூர் மாவட்டச் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் வேணுகோபால் செட்டியாருடன் சேர்ந்து பதிப்பித்தவர் ஆலன் பட்டர்வொர்த் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. ஏடும் எழுத்தும் ரத்தத்தில் ஊறாதவர் இந்த வேலைக்கு வருவாரா? ஆனாலும் அவரை ஆய்வாளர் என்று ஏற்பதில் ஒரு தயக்கம் உண்டு. ஆய்வாளர் கல்வெட்டைப் படிப்பதில்லை. படித்தவரை மேற்கோள் காட்டியவரை மேற்கோள் காட்டுவார்.

இந்நால்வரில் எந்தப் பட்டர்வொர்த்தின் பெயர் ரோட்டுக்கு வந்தது என்று கேட்பவர்கள் ஆய்வு முறையியல் அறியாதவர்கள். ராச்டேலின் முதல் பட்டர்வொர்த் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தார் என்பது இங்கே ஐயந்திரிபற நிறுவப்பட்டது.

கன்டோன்மென்டில் வில்லியம்ஸ் ரோடு, லாசன்ஸ் ரோடு, வார்னர்ஸ் ரோடு ஆகியவை தீண்டப்படாமல் கிடக்கின்றன. மெக்டொனால்ட்ஸ் ரோட்டை மட்டும் யாரும் தொட வேண்டாம். அதற்கும் பர்கருக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரையாளர் ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டார். மறுப்புக் கட்டுரை அனுப்புவோர் மூன்று பிரதிகளும் பிரசுரக் கட்டணமும் இணைக்கவும். கட்டணம் வந்த கட்டுரைகள் அனைத்தும் அறிஞர் குழுவால் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்படும்.