நாடக உணவகத்தில் உண்பாரது மெய்ப்பாடு: ஒரு முன்னாய்வு

சாப்பாட்டை முன்னிட்டு நடக்கும் நாடகத்தில் நடிகர் யார் என்ற கேள்வி இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. சமையற்கலைஞர்தான் நடிகர் என்பார் ஒரு சாரார். தட்டில் இருப்பதுதான் என்பார் மற்றொரு சாரார். பணம் கட்டி உட்கார்ந்திருப்பவர் வெறும் பார்வையாளர் என்பதில் மட்டும் இரு சாராரும் ஒத்துப்போகிறார்கள். இரு சாராரும் தவறு என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வெல்லை. எல்லா உணவகத்திலும் கொஞ்சம் நாடகம் உண்டு. டீ மாஸ்டர் ஒரு முழ நீளத்துக்கு ஆற்றுவதும் பரோட்டா மாஸ்டர் மாவை விசிறி வீசுவதும் வித்தை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும் அவர்கள் இந்த ஆய்வில் சேர மாட்டார்கள். காரணம், பரோட்டா வீசுகிறவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் கல்லில் கிடப்பது கருகும். ஆகவே நாடக உணவகம் என்பதற்கு நாம் கொள்ளும் இலக்கணம் இது: எங்கே தட்டை வைத்தவர் நகராமல் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அதுவே நாடக உணவகம்.

இவ்வகையின் இன்றைய உச்சம் கோபன்ஹேகனில் இருக்கிறது. ரஸ்முஸ் முங்க் என்பவர் நடத்தும் அல்கெமிஸ்ட். 2019-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. பழைய கப்பல் கட்டும் தளம் இருந்த தீவுப் பகுதியில், டென்மார்க்கின் அரச நாடக அரங்குக்கு மேடைக் காட்சிகள் செய்து கொடுத்த பட்டறைக் கட்டடம் அது. வாசலில் இரண்டு டன் எடையுள்ள வெண்கலக் கதவு. உள்ளே கோளரங்கம் மாதிரி ஒரு பெரிய குவிமாடம். அதில் வானம் ஓடும், கடல் ஓடும், இதயம் துடிக்கும். சாப்பாடு ஐந்து அங்கங்களாக நடக்கிறது. மொத்தம் ஐம்பது பதார்த்தங்கள் வரை வரும். அவற்றை அவர்கள் மனப்பதிவுகள் என்கிறார்கள். ஒருவருக்கு உணவுக்கு மட்டும் ஏறத்தாழ ஐயாயிரம் டேனிஷ் குரோனர், நம் கணக்கில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். இடம் பிடிக்கும்போதே கட்டிவிட வேண்டும். இந்தக் கடைசி விவரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

மரபு புதியதன்று. நீரோ மன்னனின் மாளிகையில் உண்ணும் கூடங்களின் தந்தக் கூரைப் பலகைகள் திறந்து விருந்தினர் மேல் பூச்சொரிந்தன என்றும், பிரதான வட்டக் கூடம் இரவும் பகலும் சுழன்றது என்றும் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். அதைவிட நமக்கு வேண்டிய சான்று நீரோவின் அதே முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெட்ரோனியஸின் ‘சட்டிரிகான்’ நூலில் கிடைக்கிறது. டிரிமால்கியோ என்ற புதுப்பணக்காரன் விருந்து வைக்கிறான். முழுப் பன்றி ஒன்று வருகிறது. குடலை எடுக்காமலே சமைத்துவிட்டானாம் சமையல்காரன். சட்டையைக் கழற்று, அடியுங்கள் அவனை என்று எசமான் கத்துகிறான். விருந்தினர் பதறி எழுந்து, பாவம் விட்டுவிடுங்கள் என்று மன்றாடுகிறார்கள். சரி, இங்கேயே வயிற்றைக் கிழி என்கிறான் எசமான். கிழித்தால் குடலுக்குப் பதில் சுடச்சுட தொத்திறைச்சிகள் சரிகின்றன. வீட்டு அடிமைகள் கைதட்டுகிறார்கள். ஆய்வாளர்கள் இதுவரை பன்றியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்கள். அந்தக் காட்சியைத் தாங்கி நடித்தது யார்? மன்றாடியவர்கள்தானே. ஒத்திகை இல்லை, சம்பளம் இல்லை. ஆனால் அவர்கள் மன்றாடாவிட்டால் காட்சி இல்லை.

1931-இல் டுரின் நகரில் எதிர்காலவாதக் கலை இயக்கத்து மரினெட்டியும் அவருடைய நண்பர்களும் திறந்த உணவகம் இதை இன்னும் வெளிப்படையாக்கியது. அவர்களுடைய ‘வானுணவு’ ஒன்றில், வலக்கையால் ஒலிவக் காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இடக்கையால் உப்புத்தாள், பட்டு, வெல்வெட் ஆகியவற்றைத் தடவ வேண்டும். பணியாள் பிடரியில் வாசனைத் திரவியம் தெளிப்பார். பக்கத்தில் விமான எஞ்சின் சத்தம். உழைப்பு முழுதும் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

இனி கோட்பாடு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்தில் தோன்றி உடம்பில் வெளிப்படுவனவற்றை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் சொல்கிறது. உரையாசிரியர்கள் அவற்றை நாடக வழக்கோடு சேர்த்தே விளக்கினார்கள். மொத்தம் முப்பத்திரண்டு காரணங்கள். ஐம்பது பதார்த்தத்துக்கு இவை போதுமா என்பதே நம் சோதனை.

மருட்கையில் தொடங்குவோம், வியப்பு இல்லாமல் இந்தத் தொழிலே இல்லை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்று அதற்கு நான்கு காரணம். புதுமைக்கு, முங்க்கின் கண்ணையே பெரிதாக்கிச் செய்த கண்விழி. அதன் கருமணியில் மீன்முட்டை. விழி உங்களையே பார்க்க, நீங்கள் கரண்டியால் தோண்ட வேண்டும். பெருமைக்குக் குவிமாடம். ஆக்கம் என்றால் ஒன்று இன்னொன்றாகத் திரிவது. அதற்குக் கட்டலோனியாவில் ஃபெரான் அட்ரியா நடத்தி 2011-இல் மூடிய எல் புல்லியின் ஒலிவக் காய். பார்க்க ஒலிவக் காய்தான். வாயில் போட்டதும் மெல்லிய தோல் உடைந்து சாறாகிவிடும். ஒலிவத்தைப் பிழிந்து மறுபடி ஒலிவமாக்கி வைத்திருக்கிறார்கள். சிறுமைக்குத் தனிச் சான்று தேவையில்லை; தட்டின் விட்டத்தை உணவின் விட்டத்தோடு ஒப்பிட்டால் போதும். ஒரே வியப்புக்குப் பெருமையும் சிறுமையும் இரண்டுமே காரணம் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர் இப்படிப்பட்ட ஒரு தட்டைப் பார்க்காமல் எழுதியிருப்பாரா என்ற ஐயம் எனக்கு உண்டு. அதற்குத் தனிக் கட்டுரை வரும்.

இளிவரலில், அதாவது அருவருப்பில்தான், நடிப்புத் திறமை சோதிக்கப்படுகிறது. அல்கெமிஸ்டில் சின்னக் கூண்டுக்குள் ஒரு கோழிக்கால் வருகிறது. நகமும் இருக்கிறது. கூண்டில் அடைத்து வளர்க்கும் பண்ணைக் கோழியின் பாட்டைப் பணியாளர் விளக்குகிறார். கேட்பவர் முகம் வாட வேண்டும், வாடுகிறது. பிறகு கூண்டைத் திறந்து காலை எடுத்துக் கடிக்க வேண்டும். கடித்தால் நன்றாக இருக்கிறது. இங்கேதான் சிக்கல். துக்க வீட்டுச் சாப்பாட்டில் பாயசம் அருமையாக அமைந்துவிட்டால் எந்த முகத்தோடு இரண்டாம் முறை கேட்பது? கடலில் மிதக்கும் குப்பையை நினைவூட்ட உண்ணத்தகுந்த பிளாஸ்டிக் போர்த்திய காட் மீன் வரும்போதும் இதே நெருக்கடி. தலைக்கு மேலே குவிமாடத்தில் நெகிழிப் பைகள் நீந்துகின்றன. கீழே நாக்கு சப்புக்கொட்டுகிறது. புருவம் துயரத்திலும் உதடு மகிழ்ச்சியிலுமாக முகத்தை மேலும் கீழும் பிரித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களே இந்த இடத்தைத் தாண்டுகிறார்கள்.

மற்றவை எளிது. நகைக்குச் சிகாகோவின் அலினியா: பச்சை ஆப்பிள் பாகில் ஊதிய, ஹீலியம் நிரம்பிய பலூன். உதட்டை வைத்து உறிஞ்சினால் எவ்வளவு பெரிய மனிதருக்கும் குரல் கீச்சென்றாகிவிடும். அச்சத்துக்குத் திரவ நைட்ரஜன் புகை. மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கிற சமாச்சாரம் அது. தேர்ந்தவர் கையில் அது வித்தை. தேராதவர் கையில் வயிற்றைப் புண்ணாக்கும். புகை வரும் பிஸ்கட் நம் திருவிழாக் கடைகள் வரை இறங்கி வந்து, 2024 ஏப்ரலில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கும் அளவுக்குப் போனது. அச்சத்தின் நான்கு காரணங்களில் இறையும் ஒன்று. இறைக்கு வரி என்றும் பொருள்; டென்மார்க்கில் மதிப்புக் கூட்டு வரி 25 சதவீதம்.

பெருமிதத்தின் நான்கு காரணங்களில் ஒன்று கொடை. கோபன்ஹேகனில் ரத்தத் துளி வடிவில் ஒரு ஐஸ்கிரீம் தருகிறார்கள். கூடவே வரும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் ரத்த தானத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம். இந்த ஆய்வில் நான் எந்தக் கிண்டலும் இல்லாமல் பாராட்டுகிற ஒரே பதார்த்தம் இது. இன்னொரு காரணமான இசைமை, அதாவது புகழ், சாப்பிடும்போது வருவதில்லை. படத்தை இன்ஸ்டாகிராமில் ஏற்றும்போதுதான் வருகிறது.

வியப்பான முடிவு வெகுளியில் கிடைத்தது. அதன் காரணங்களில் உறுப்பறையும் கொலையும் உண்டு. இரண்டுமே தட்டில் இருக்கின்றன. ஆனாலும் யாருக்கும் கோபம் வருவதில்லை. மேலே நினைவில் வைக்கச் சொன்ன விவரத்தை இப்போது எடுக்கவும்: முன்பணம் கட்டியவருக்குக் கோபம் வராது. சாம்பாரில் உப்பு கூடினால் மெஸ்காரரைக் கூப்பிட்டு ஏசுகிற அதே மனிதர், மாதக்கணக்கில் முன்பே பணம் கட்டிய இடத்தில் சிலிக்கோன் நாக்கை நக்கச் சொன்னால் நக்குகிறார். பிடிக்கவில்லை என்றால், தனக்கு ரசனை போதவில்லையோ என்று தன்மேல்தான் சந்தேகப்படுகிறார்.

இதிலிருந்து ஒன்பதாவது மெய்ப்பாடு ஒன்று பிறக்கிறது. பணியாளர் சரளமாகச் சொல்லிக்கொண்டே போகிறார்: இன்ன கடற்கரையின் பாசி, இத்தனை மாதம் நொதித்தது, இன்ன மரப்புகை. மூன்றாவது சொல்லிலேயே கேட்பவர் வழி தவறிவிடுகிறார். ஆனால் தலை ஆடுகிறது. மெல்ல, மேலிருந்து கீழாக, கண்ணை லேசாகச் சுருக்கி, கடைசியில் ஒரு ‘ஆ’ போட்டு. இதை விளங்கியன்ன தலையாட்டல் என்று பெயரிடுகிறேன். முப்பத்திரண்டு காரணங்களில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

இது வெறும் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸ், உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கிறவர் காதில் அவருடைய கடிசத்தத்தையே கூட்டிக் கேட்கவைத்தால் சிப்ஸ் அதிக மொறுமொறுப்பாகத் தோன்றுகிறது என்று காட்டினார். 2008-இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. ஹெஸ்டன் புளூமென்தால் தம் ஃபேட் டக் உணவகத்தில், சங்குக்குள் ஒலிக்கருவி வைத்து அலையோசையைக் காதில் மாட்டிவிட்டுக் கடலுணவு பரிமாறினார். காதை நம்பிச் சுவை மாறுகிற நாக்கு, ஐந்து மணி நேரம் வியந்த முகத்தை மட்டும் நம்பாதா? முகம் முதலில் வியக்கிறது; நாக்கு அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. நடித்தவர் தம் நடிப்பால் தாமே கவரப்பட்டு வெளியே வருகிறார். நல்ல சாப்பாடு என்று அவர் சொல்வது பொய்யன்று.

இடையே ஒரு தவறான கருதுகோளைத் துடைத்துவிட வேண்டும். இத்தகைய இடங்களுக்குப் போனவர் பசியோடு வந்து தெருமுனைக் கடையில் இட்லி தேடுவார் என்று நம்மவர்கள் சிரிக்கிறார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி ஒன்று என்றால் சரி. ஐம்பது சோளப்பொரி வந்தால் யானையும் போதும் என்று சொல்லிவிடும். போனவர்கள் கடைசி அங்கத்தில் நெளிகிறார்கள் என்பதே உண்மை.

ஷாங்காயில் பால் பேரே நடத்திய அல்ட்ராவயலட் இந்த ஆய்வுக்கு இறுதிச் சான்று. ஒரே மேசை, பத்தே நாற்காலி, இருபது பதார்த்தம், சுற்றிலும் சுவரெல்லாம் திரை, மூக்குக்கு வாசனை, காதுக்கு இசை. 2012-இல் தொடங்கி 2025-இல் மூடினார்கள். அத்தனை கருவிகளும் அந்தப் பத்து முகங்களைச் சுற்றித்தான் வைக்கப்பட்டிருந்தன. படப்பிடிப்புத் தளத்தில் விளக்குகள் யாரைச் சுற்றி இருக்கின்றனவோ, அவரைத்தான் நடிகர் என்கிறோம்.

ஆகவே இவ்வாய்வு முன்வைக்கும் கோரிக்கை ஒன்றே. நம் சினிமாவில் கூட்டத்தோடு நிற்கும் துணை நடிகருக்குக்கூட ஒரு கால்ஷீட்டுக்குச் சாப்பாடும் பேட்டாவும் உண்டு. நாடக உணவகத்தில் சாப்பாடு மட்டும் தருகிறார்கள். அதற்கும் நடிகரே முன்பணம் கட்டுகிறார். வெகுளி நீங்கலாக மற்ற மெய்ப்பாடுகளை ஒரே இரவில் காட்டி, ஒன்பதாவதையும் கண்டுபிடித்துக் கொடுத்தவருக்குப் பேட்டா வழங்க வேண்டும். பில்லில் கழித்துக்கொண்டாலும் ஆட்சேபம் இல்லை.