உள்ளும் புறமும்: கல்முனைக் கரையோரப் பழங்கார்களில் பிரேக் பேட் ஒருபக்கமாய்த் தேய்தல் பற்றிய ஓர் ஆய்வு

முன் சில்லுகளின் பிரேக் பேட்கள் சமமாகத் தேய வேண்டும் என்பது விதி. தேய்வதில்லை என்பது வழக்கு. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களில் இவ்வழக்கை ஆராய மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் 110 கொரோலாவும் எஃப்.பி. 14 சனியும் ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் சேவை நீடிப்புப் பெற்றன. இவ்வகைக் கார்களின் பின் சில்லுகளில் பெரும்பாலும் டிரம் பிரேக்கே இருக்கும். அது தனி நூலுக்குரியது.

ஆய்வென்றால் வரலாறு வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்துப் பொறியியலாளர் லான்செஸ்டர் 1902இல் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்திய பேட்கள் செம்பாலானவை; அழுத்தியதும் கிரீச்சிட்டன. இன்றைய பேட்டில் தேய்வை அறிவிக்கவென்றே ஒரு சிறு தகடு வைத்து அதே கிரீச்சொலியை எழுப்புகிறார்கள். வரலாறு இதற்குமேல் தேவையில்லை.

பேட் ஏறுமாறாகத் தேய்வதற்கு ஊரில் மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. முதலாவது கடற்பக்கக் கொள்கை: கடல் இருக்கும் பக்கத்துச் சில்லுக்கு உப்புக்காற்று அதிகம் படுவதால் அங்கே தேய்வு கூடும் என்பது. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வரும் காருக்குக் கடல் வலப்பக்கம். அதே கார் திரும்பிப் போகையில் இடப்பக்கம். ஆகவே இக்கொள்கை, போய்த் திரும்பாத கார்களுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாவது சாரதிப் பாரக் கொள்கை: சாரதி அமரும் பக்கத்துச் சில்லில் அவரது பாரத்தால் தேய்வு கூடும் என்பது. மூடிய திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசைக்கும் சமமாகப் பரவும் என்று பஸ்கால் பதினேழாம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டார். சாரதி எத்தனை பருமனானாலும் இரு முன் சில்லுகளுக்கும் போகும் அழுத்தம் ஒன்றே. தவிர, இக்கொள்கையினர் எவரும் இடப்புற ஆசனத்தில் அமரும் மாமியின் பாரத்தைக் கணக்கில் சேர்க்கத் துணிந்ததில்லை. மூன்றாவதான கண்ணூற்றுக் கொள்கையை மறுக்கும் கருவி எந்தக் கராஜிலும் இல்லாததால் அது இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

உண்மைக் காரணம் கலிப்பரின் நடத்தையில் இருக்கிறது. இக்கார்களில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் கொண்ட, வழுக்கி நகரும் கலிப்பர். பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் உள்பேட்டை டிஸ்க்கில் அழுத்தும். அந்த எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப்பேட்டையும் இழுத்து அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர ரப்பர் சீல் தன் முறுக்கை விட்டு, பிஸ்டனை மயிரிழை பின்வாங்கச் செய்யும். இதற்கெனத் தனி ஸ்பிரிங் கிடையாது. நகர வேண்டியவை அத்தனையும் தடையின்றி நகர்ந்தால்தான் பேட் சமமாகத் தேயும்.

ஆகவே தேய்வின் வடிவமே நோயைச் சொல்லிவிடும். உள்பேட் மட்டும் கரைந்திருந்தால் பிஸ்டன் துருவேறித் திரும்ப மறுக்கிறது, அல்லது பின்கள் இறுகி வெளிப்பேட்டை வேலைக்கு வரவிடவில்லை. வெளிப்பேட் கூடுதலாகத் தேய்ந்திருந்தால், போன கலிப்பர் திரும்பவில்லை. பின்களைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்புப்போல் இருந்தால் இரு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கும், இல்லையேல் பேட்டின் காது பிராக்கெட்டின் துருவில் மாட்டியிருக்கும். புதிய பேட்டின் தேய்பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். உள்ளுக்கும் புறத்துக்கும் ஒரு மில்லிமீற்றர் வேறுபாட்டுக்காகக் கராஜுக்கு ஓட வேண்டியதில்லை. இரண்டு மூன்றைத் தாண்டினால் ஓடத்தான் வேண்டும்.

இப்படி எழுதிவைத்த சாட்சியத்தைத்தான் கராஜ்கள் முதலில் அழிக்கின்றன. பழைய பேட் கழன்றதும் எந்தச் சில்லு, உள்ளா வெளியா என்று பாராமல் வாளிக்குள் விழுகிறது. புதியது ஏறுகிறது. நோய் அப்படியே இருக்க, சில மாதங்களில் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த பேட் டூப்ளிக்கேட் என்று தீர்ப்பாகிறது. பேட் பெரும்பாலும் நிரபராதி.

ஒரு பக்கச் சில்லின் இரு பேட்களும் தேய்ந்து, மறுபக்கத்தில் புதிதுபோல் இருப்பது வேறு வகை. நிந்தவூர் வரை ஓட்டிப்போய், கடும் பிரேக் போடாமல் நிறுத்தி, தொடாமல் சில்லுக்கருகே கையை நீட்டினால் எந்தப் பக்கம் கொதிக்கிறது என்று தெரியும். அச்சில்லை ஜக்கில் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டுச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் கலிப்பரில் உள்ள பிளீட் நிப்பிளைத் திறக்க வேண்டும். உடனே சில்லு விடுபட்டால் குற்றவாளி ரப்பர் ஹோஸ்: உட்சுவர் வீங்கிப்போய், மிதிக்கும்போது ஒயிலை விடுகிறது, திரும்பும்போது மறிக்கிறது. அப்போதும் விடுபடாவிட்டால் பிஸ்டனோ பின்களோதான்.

உப்புக்காற்றை முற்றாக விடுவிக்கவும் முடியாது. அது இடவலம் பார்ப்பதில்லை. பின்னின் ரப்பர் உறை கிழிந்த இடமெல்லாம் புகும். இதில் அதிகம் பாதிக்கப்படுவது ஓடும் காரல்ல, உரிமையாளர் கட்டாரில் இருக்க, வளவுக்குள் படங்கு மூடி நிற்கும் கார். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நின்றபடியே பிஸ்டனில் துரு ஏறும். டொட் 3 ஒயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கிவிடலாம். இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். அதை மாற்றுபவர் ஊரில் அரிது.

பரிகாரம் எளிது: பின்களைக் கழற்றித் துருவைச் சுரண்டி, கிழிந்த உறையை மாற்றி, பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கோன் கிரீஸ் பூச வேண்டும். சில்லு பெயாரிங்குக்குப் போடும் கிரீஸ் கூடாது. அது ரப்பரை வீங்கச் செய்து, இறுகிய பின்னை மேலும் இறுக்கும். ஹோஸ் கெட்டிருந்தால் இரு பக்கமும் மாற்றுவதே முறை. தேய்ந்த ஒரு பேட் மட்டும் போதும் என்று கடையில் கேட்பதில் பயனில்லை. முன் சில்லுகள் இரண்டுக்குமான நான்கு துண்டுகளும் ஒரே பெட்டியில்தான் வரும்.