கழற்றி வைத்த ஆட்டோமேட்டிக் கடிகாரத்தின் நிலைபேறு: ஒரு தென்கலைப் பார்வை

இப்பொருளை இதுவரை யாரும் ஆராயவில்லை. ஆராய வேண்டிய அவசியமும் இல்லை. முனைவர் பட்டத்துக்கு இவ்விரு தகுதிகளே போதும் என்பதால் இக்கட்டுரை.

ஆய்வுக்களம் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் 16 ஆண்டுகள் புளியமரத்தடியில் அசையாமல் இருந்த ஊர். அசையாமையை ஆராய வேறெங்கே போவது?

பேட்டரி கடிகாரம்: இங்கு பேசப்படாது. செல்போன்: அதுவும்.

ஆட்டோமேட்டிக்கின் உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று உண்டு. கை அசைந்தால் அது சுழலும். அது சுழன்றால் சுருள்வில் முறுக்கேறும். முழுதாக ஏறிய முறுக்கு ஏறத்தாழ 40 மணி நேரம் தாங்கும். வெள்ளி இரவு ஒன்பதுக்குக் கழற்றி வைத்தது ஞாயிறு மதியம் நாம் சாப்பிட உட்காரும்போது நிற்கும். (காண்க: அடுத்த வீட்டு மாமா, திண்ணைப் பேருரைகள், இரண்டாம் காப்பிக்கு முந்தைய பதிப்பு.)

இனி சித்தாந்தம், வைணவத்தின் இரு கலைகளின்படி. தினமும் சாவி கொடுத்தாக வேண்டிய எச்.எம்.டி. ஜனதா வடகலை: குரங்குக்குட்டி நியாயம், முயற்சி நம்முடையது. சாவி கொடுக்கவே வழியில்லாத பழைய சீக்கோ 5 தென்கலை: பூனைக்குட்டி நியாயம், கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் கிருபை தானே ஏறும். மணவாள மாமுனிகள் 1370இல் அவதரித்த ஊரில் இதற்கு மேல் வாதம் கூடாது.

ஆனால் வந்தது. வரதட்சணை வாட்ச் என்றே பேர் வாங்கிய ஆட்டோமேட்டிக் எச்.எம்.டி. காஞ்சன் ஒன்று, கல்யாணம் ஆன நாள்முதல் பீரோவில் கிடக்கிறது. கதவை ஓங்கிச் சாத்தும்போதெல்லாம் சற்றுநேரம் ஓடி நிற்கிறது. இது யார் முயற்சி, யார் கிருபை? (மாமி, பீரோச் சாவி விளக்கம், மூன்றாம் தட்டு, பட்டுப்புடவைக்கு அடியில், இதை மறுத்து மாமா எழுதவிருந்த நூல், மாமி அனுமதிக்காததால் அச்சேறவில்லை, எழுதப்படாத அம்மறுப்புக்கு மறுப்பு, அதே மாமி, அடுப்படியிலிருந்து, குரல்வழிப் பதிப்பு, தெருமுனைவரை கிடைக்கும்.)

பிழை பற்றி ஒரு குறிப்பு. நாளைக்கு இரண்டு நிமிடம் பிசகினால் கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்துவிடுகிறோம். நம்மாழ்வார் பிறந்தது கலியுகம் தொடங்கிய 43ஆம் நாள் என்கிறது குருபரம்பரை, ஆராய்ச்சியாளர்களோ கி.பி. எட்டு, ஒன்பது என்று நூற்றாண்டுக் கணக்கில் பேசுகிறார்கள். இடையில் ஏறத்தாழ 4,000 ஆண்டு. இரு தரப்பையும் ரிப்பேருக்குக் கொடுக்கக் கடையில்லை.

நின்ற கடிகாரத்தை எழுப்ப, படுக்கைவாட்டில் பிடித்து மெல்ல ஆட்டினால் போதும். அசையாத நம்மாழ்வாரை எழுப்பக் கல்லைப் போட்டுப் பார்த்த மதுரகவி ஆழ்வாரைப் பின்பற்றலாமா என்று ஓர் ஆய்வு மாணவர் கேட்டிருக்கிறார். கடிகாரம் நெறியாளருடையது, ஒப்புதல் நிலுவையில் உள்ளது.