கரை ஆட்டம்: ஒரு முதனிலை ஆய்வு

கப்பலேறிப் போனவர்களைப் பற்றித் தமிழில் கதையும் பாட்டும் கட்டுரையுமாக ஏராளம் உண்டு. போனவர் திரும்பி வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் அந்தத் திண்ணை என்ன செய்தது என்பதை மட்டும் ஆய்வுலகம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அது ஆடியது. தூணோடும் ஓட்டுக்கூரையோடும் சேர்ந்து மெதுவாக மேலேறிக் கீழிறங்கியது. இதையே இக்கட்டுரை கரை ஆட்டம் என்று வழங்கும்.

முதலில் ஆய்வின் எல்லை. சிங்கப்பூரில் புறப்பட்டுப் பினாங்கு வழியாக நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் வந்த பயணிக் கப்பல்களின் காலம்தான் நம் களம். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலா 1970-களின் தொடக்கம்வரை இந்த வழியில் ஓடியது. அதற்குப்பின் சிதம்பரம் ஓடியது. கடலில் ஏறக்குறைய ஒரு வாரம். காசில்லாதவர்கள் டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தொலைவில் நங்கூரம் போட்டதும் படகுக்கு மாறிக் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகு, ஒரு வாரப் பாடத்துக்குப் பின் வைத்த தேர்வு.

கோடையில் வந்தவர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல்தான் திறக்கும். அதுவரை டெல்டாவில் வாய்க்கால் வறண்டு கிடக்கும், வயலில் வேலை இராது. சாட்சிகள் அனைவரும் திண்ணையிலேயே இருப்பார்கள். வந்தவனை இமை கொட்டாமல் கவனிக்க இதைவிடத் தோதான பருவம் இல்லை.

காரணம் குறித்து ஊரில் ஒருமித்த கருத்து இல்லை. தாயார் தரப்பு அதைக் கண்ணேறு என்கிறது. படகிலிருந்து இறங்கிய பெட்டியின் அளவை யாரோ பார்த்துவிட்டார்கள். உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப்போட வேண்டும். பெரியப்பா தரப்புக்கு இவ்வளவு நுணுக்கம் கிடையாது. “என்னடா, கப்பல்லேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?” என்பதோடு அவர் ஆய்வு முடிந்துவிடும்.

மருத்துவம் சொல்வது வேறு. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. கடலில் நாள்கணக்கில் உருண்டபின், மூளை கப்பலின் தாளத்தை மனப்பாடம் செய்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரீட்டை முன்கூட்டியே போடப் பழகிவிடுகிறது. கரையில் இறங்கியதும் கப்பல் நின்றுவிடுகிறது, எதிரீடு நிற்பதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு மால் தெ தெபார்க்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு ஓரிரு நாளில் தீர்ந்துவிடும், சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கும். பெரியப்பாவிடம் அரைவட்டக் குழாய்களை எடுத்துச் சொன்னால், அதன் வழியாக எதை ஊற்றினான் என்று கேட்பார். ஆகவே இந்தச் சர்ச்சையை இங்கேயே விடுகிறேன்.

இந்த நோய்க்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. கண்ணைத் திறந்து வைத்திருக்கும்வரை கண் கொஞ்சம் முட்டுக்கொடுக்கும். மூடினால் ஆட்டம் கூடிவிடும். கிணற்றடியில் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடியவன் துவைக்கிற கல்லைக் கட்டிப்பிடித்துக்கொள்வது இதனால்தான். ஆனால் கிணற்றடியில் பார்க்க ஆளில்லை. கோயிலில் உண்டு.

வந்த மறுநாள் மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் முடியாது. சன்னதியில் கைகூப்பிக் கண்ணை மூடாமலும் முடியாது. மூடுகிறான். உடம்பு முன்னும் பின்னும் சீராக அசைகிறது. பூசாரிக்கு இந்த அசைவு தொழில்முறையில் நன்கு அறிமுகமானது. உடுக்கைச் சத்தம் கூடுகிறது, பெண்கள் குலவை இடுகிறார்கள், ஒருத்தி வேப்பிலை ஒடிக்க ஓடுகிறாள். பூசாரி நெற்றி நிறையத் திருநீற்றை அப்பி, “யாரு வந்திருக்கறது? சொல்லு தாயி!” என்று அதட்டுகிறார்.

“சிங்கப்பூர்லேர்ந்து நாந்தாங்க வந்திருக்கேன்.”

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலும் ஒரு மாரியம்மன் இருக்கிறாள், 1827-இலிருந்து. ஆகவே பூசாரி இந்தப் பதிலை முழுமையாகத் தள்ளிவிடவில்லை என்றே கருத இடமுண்டு.

இரண்டாவது குணம், மறுபடி ஏதாவது ஓடும் பொருளில் ஏற்றினால் ஆட்டம் அடங்கிவிடும் என்பது. நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் வழியாக மன்னார்குடிவரை பஸ்ஸில் குலுங்கி வந்தவன் தெளிவாகத்தான் வந்தான். பக்கத்து இருக்கைக்காரரிடம் ரப்பர் விலை பேசினான். இறங்கி நின்றதும் தரை நழுவியது. பஸ்ஸில் நன்றாக இருந்தவன் வீட்டு வாசலில் தள்ளாடினால் இடையில் ஏதோ கடையில் நின்றிருக்கிறான் என்று பெரியப்பா முடிவுகட்டியதை முழுத் தவறு என்று சொல்ல ஆய்வாளனுக்கு மனம் வரவில்லை. கிடைத்த சான்று அவர் பக்கம்தான் இருந்தது.

இங்கேதான் கூடத்து ஊஞ்சல் ஆய்வுக்குள் வருகிறது. ஊஞ்சலில் ஆடும்வரை ஆட்டம் இல்லை. இதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் தங்கை மாப்பிள்ளை. அவருடைய அக்கறை மருத்துவம் சார்ந்தது அல்ல; பெட்டி சார்ந்தது. பெட்டிக்குள் கைலி, நைலக்ஸ் சேலை, கோடாலித் தைலம், டார்ச் லைட், ஒரு டிரான்சிஸ்டர் இருப்பதாகப் பொதுவான நம்பிக்கை. மைத்துனருக்குத் தலை தெளிவதற்குள் பங்கீடு நடந்துவிட்டால் டிரான்சிஸ்டர் தம் பக்கம் வரலாம் என்பது ஒரு கணக்கு. தெளியவே இல்லை என்றால் பெட்டி திறக்கப்படாது என்பது அதற்கு எதிர்க் கணக்கு. தாயார் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். “புள்ளைக்கு இன்னும் தல கிறுகிறுங்குதாம். பொட்டிய நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சாவியை இடுப்பில் செருகினார்.

சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அந்தச் சேவை அத்தோடு முடிந்தது. இப்போது விமானத்தில் நான்கு மணி நேரத்தில் வந்து இறங்குகிறவர்களிடம் ஆட்டம் எதுவும் இல்லை; வந்த அன்றே பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். ஆய்வுக்குக் களமே போயிற்று.

தங்கை மாப்பிள்ளையோ மைத்துனரை ஊஞ்சலில் உட்காரவைத்து மத்தியானம் முழுக்க ஆட்டிக்கொண்டிருந்தார். தலை நன்றாகத்தான் தெளிந்தது. ஊஞ்சலை விட்டு இறங்காமல் பெட்டியைத் திறக்க முடியாது என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.