மாமி படிக்கும் லேபிள்
உப்பும் சர்க்கரையும் மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை ஒட்டச் சொல்லி 2016இல் சட்டத்தை அமல்படுத்தியது சிலி நாடு. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட வரைவோ அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடலாம் என்றது, சினிமா விமர்சனம் மாதிரி.

மயிலாப்பூருக்கு இதெல்லாம் எதற்கு? தெற்கு மாட வீதிக் கடையில் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் பெண் சிப்ஸில் கை வைத்தால் போதும். பின்னால் நிற்கும் மாமி கண்ணாடி போடாமலே லேபிளைப் படித்துவிடுவார், பொட்டலத்தில் அல்ல, அவள் இடுப்பில்: "உனக்கு எதுக்கும்மா இது?" அதையே ஒல்லிப் பையன் எடுத்தால், "இன்னொண்ணு எடுத்துக்கோப்பா, துரும்பா இளைச்சுட்டே!"

பொட்டலத்து உப்பு ஆள் பார்த்துக் குறைவதில்லை. மாமிகளே, படிப்பதென்றால் அந்தப் பையனுக்கும் சேர்த்துப் படியுங்கள்.