முதலில் வந்த பங்கு முதலில் போகும்

இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் விட்ட ஊர் எங்கள் சோழவரம். ரேஸ் எப்போதோ இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. ஏரி மட்டும் போகவில்லை. சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுத்தபடி கிடக்கிறது. வேகம், நிதானம் இரண்டையும் ஒரே டிமேட் கணக்கில் அடைக்கப் பார்த்தவன், எனக்குத் தெரிந்து, ஊரில் நான் ஒருவன்தான்.

2019-ல் மகள் பிறந்தபோது ஒரு கம்பெனிப் பங்கு நூறு வாங்கினேன், விலை 200 ரூபாய். "பாப்பா படிப்புக்கு. கை வைக்காதீங்க" என்று வீட்டம்மா உத்தரவு. நானும் வைக்கவில்லை. 2025 தொடக்கத்தில் அதே பங்கு 52 வார உச்சத்தைத் தாண்டியது, வால்யூமும் எகிறியது. 500 ரூபாய்க்கு இன்னொரு நூறு வாங்கினேன். பழையது தூங்கட்டும், புதியது ஏறும் வேகத்தோடு பத்து நாள் ஓடட்டும் என்பது திட்டம். மொமென்டம் என்பார்கள்.

எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்டோர்ஸ் வேலை. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மார்க்கெட் 9.15-க்குத் திறந்தால் என் மொமென்டம் டீ டைமில்தான் திறக்கும். நான் கேட்டுக்கு ஓடிவருவதைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று செக்யூரிட்டி அண்ணன் ஆறுதல் சொல்வார். விலையைப் பார்த்த பிறகு அந்த ஆறுதல் தேவைப்பட்ட நாட்களும் உண்டு.

520-க்கு விற்றேன். புரோக்கரேஜ், எஸ்.டி.டி. வரி எல்லாம் போக, இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக லாபம். அன்று வீட்டில் பிரியாணி.

வருமான வரி தாக்கல் செய்யும்போது ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், நீங்க வித்தது புதுசு இல்ல, பழசு."

டிமேட்டில் ஒரே கம்பெனிப் பங்குகளுக்குத் தனி அடையாளம் கிடையாது. முதலில் உள்ளே வந்ததுதான் முதலில் வெளியே போனதாகச் சட்டம் கணக்கு வைக்கும். 200-க்கு வாங்கியது 520-க்குப் போனது, நீண்டகால லாபம் 32,000. ஒன்றேகால் லட்சத்துக்குள் இருந்ததால் வரி இல்லை. ஆனால் கையில் மிச்சமிருக்கும் நூறும் 500 ரூபாய்க்கு வாங்கிய கைக்குழந்தைகள். ஒரு வருஷம் ஆவதற்குள் லாபத்தில் விற்றால், 2024 ஜூலை 23 முதலான விகிதப்படி 20 சதவீதம் வரி, பொறுத்தால் ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5.

முதலில் வந்தது முதலில் போகும் இந்தக் கணக்குக்குப் பெயர் ஃபைஃபோ. ஸ்டோரில் பெயிண்ட் டின் முதல் பேரிங் வரை தேதி ஒட்டி, பழையதை முதலில் அனுப்பு என்று பையன்களிடம் தினமும் கத்துகிறவன் நான்தான்.

வீட்டம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப அன்னிக்கு நாம சாப்பிட்டது பாப்பாவோட பங்காங்க?"

அன்றே வாங்கி அன்றே விற்றால் இந்தச் சிக்கல் இல்லை. அது ஊக வணிக வருமானம் என்று தனிக் கணக்கில் போகும். அதில் இறங்கலாமா என்று வாயெடுத்தேன். 2022-23-ல் அப்படி விளையாடிய தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு நஷ்டம் என்று செபி சொன்ன செய்தியை வீட்டம்மா போனில் காட்டினாள். வாயை மூடினேன்.

தூங்கும் பங்கு, ஓடும் பங்கு இரண்டும் வேண்டும் என்பவர்கள் அதே பான் எண்ணில் இன்னொரு டிமேட் திறந்துகொள்ளுங்கள். ஃபைஃபோ கணக்குக்குக் கணக்கு தனி. வருஷத்துக்கு ஒரு பராமரிப்புக் கட்டணம் கூடுதலாகும், அவ்வளவுதான். நானும் திறந்துவிட்டேன். பழைய கணக்கின் பாஸ்வேர்டு இப்போது என்னிடம் இல்லை.